நனைந்திருந்த நூல் சேலை

அந்தச் சேலையைக் கவரிலிருந்து உருவும்போது ஒரு சத்தம் வரும். பொரிகடலையை மெல்லும்போது காதுக்குள் கேட்குமே, அப்படிச் சின்னதாகச் "சடசட"வென்று. உருவிய சேலையை முழங்கைக்கு மேல் மெதுவாக இழுத்தால், கையிலிருக்கிற பூனைமயிர் அத்தனையும் எழுந்து நின்றுகொள்ளும். பங்குனி வெயிலில் காற்றே காய்ந்து கிடக்கிற எங்கள் பக்கத்தில் அது இன்னும் நன்றாகச் சடசடத்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் ஒரே நாளில் பத்துத் தடவையாவது அதைச் செய்து பார்த்திருப்பேன். முந்தானையில், காவி உடுத்திச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சாமியாரின் படம் அச்சாகியிருந்தது. அவர் சேலைக்குள் இறங்கி வருகிறார், அதனால்தான் மயிர் கூச்செறிகிறது என்று நான் நம்பினேன். நான் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை, அம்மாவையும் கட்டாயப்படுத்தினேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற சாலையில், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே, கண்மாய்க்கரையில் அந்தச் சாமியாரின் மண்டபம் இருக்கிறது. அங்கே விற்கிற அவருடைய வரலாற்றுப் புத்தகத்தில், அற்புதங்களைச் சொல்கிற பகுதியில் ஒரு பத்தி வருகிறது. பட்டாசு ஆலை ஒன்றில், விரதம் தவறிய பெண்ணொருத்தியை மட்டும் அக்கினி தீண்டியதாகவும், விரதம் காத்த மற்றவர்களை அது தொடவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் பேச்சியம்மாள், என் அம்மா. அவள் விரதம் தவறவில்லை. இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சொல்ல வேண்டியிருப்பதால் சொல்வது.

முதலில் அந்தச் சாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. வடக்கே ஏதோ ஒரு மடத்தில் வருசக்கணக்காகச் சாத்திரம் படித்தவர் என்றும், அங்கே தன்னைத் தலைவராக உட்காரவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மாற்றுத்துணி ஒன்றோடு கிளம்பி வந்துவிட்டவர் என்றும் சொல்வார்கள். கூரையில் பாதி இடிந்துபோயிருந்த கல்மண்டபத்தில் தங்கினார். உச்சிப்பொழுதில் எழுந்து, காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆட்களின் தெருவுக்கு வந்து, வாசலில் நின்று, "பழசு இருந்தாக் குடுங்க தாயி" என்பார். தனக்கென்று யாரும் அடுப்பு மூட்டிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். ஆவி பறக்கிற சோற்றைக் கொண்டுவந்தால் வாங்க மாட்டார், அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசிக்கிற மனிதர்கள் நிறைந்த காலத்தில், எங்கள் தெருக் கஞ்சியை மட்டும் கேட்டுக் குடித்தவர் என்பதால், எங்கள் ஆட்களுக்கு அவர்மேல் உயிர்.

சந்நியாசம் வாங்கும்போதே நெருப்பையும் துறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் முறையாம். அடுப்பு பற்றவைக்கக் கூடாது, வேள்வி கூடாது, செத்த பிறகு சிதைகூடக் கிடையாது, உட்காரவைத்துப் புதைத்துவிடுவார்கள். இதெல்லாம் எங்கள் தெருவுக்கு எங்கே தெரியும்? அம்மாவுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கஞ்சியை ஊற்றிவிட்டு, மனதில் பட்டதை அவரிடமே கேட்டுவிட்டாள்.

"ஏன் சாமி, நீங்க நெருப்பைத் தொட மாட்டேங்கிறீக?"

சுற்றி நின்ற பெரியவர்கள் ஏதோ தத்துவம் வரப்போகிறது என்று கைகட்டி நின்றார்களாம். அவர் கஞ்சியை நிதானமாகக் குடித்து முடித்து, சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பயமா இருக்கு தாயி" என்றாராம்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அவரு சிரிக்கலட்டி, அவரு மட்டும் சிரிக்கல" என்று இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா முடிப்பாள். எனக்கு அது சப்பென்று இருக்கும். பயப்படுகிற சாமி எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?

அவர் பென்சிலில் ஒரு நோட்டு எழுதி வைத்திருந்தார். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. அவர் இறந்த பிறகு யாரோ நல்ல மனசுக்காரர் அதைச் சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து, தீப்பெட்டி அளவை விடக் கொஞ்சமே பெரிய புத்தகமாகப் போட்டார். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. நெருப்பு தெய்வமா என்று ஒரு கேள்வி. தெய்வம் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டுப் பயமில்லாமல் இருந்துவிடுவாய், அதனால் சொல்ல மாட்டேன் என்று பதில். நான் அப்போது இதை வாசித்தேன், எழுத்துக்கூட்டி வாசித்ததோடு சரி.

மழை பொய்த்தது, கண்மாய் வற்றியது, காடு தரிசானது, தரிசில் பட்டாசுக் கம்பெனிகள் முளைத்தன. காட்டு வேலைக்குப் போன எங்கள் சனம் விடிந்ததும் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தது. நெருப்போடு பிழைப்பு என்றானதும் எங்களுக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. அய்யனார் இருந்தார், மாரியம்மன் இருந்தாள், போதவில்லை போலிருக்கிறது. நெருப்பைத் துறந்தவருக்கு நெருப்பு கட்டுப்படும் என்று யாரோ சொன்னார்கள், சொன்னது பிடித்துப்போய்விட்டது. பயந்து ஒதுங்கிய மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நெருப்புக்கு அதிகாரியாக உட்காரவைத்தோம். அவர் படம் காலண்டரில் வந்தது. கம்பெனியில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் அந்தப் படம் ஒட்டப்பட்டது, பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பட்டாசு மருந்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசியில் அவர் படம் போட்டு ஒரு புஸ்வாணமும் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கருகிக் கிடந்த அவர் முகத்தைக் கூட்டி அள்ளியதும் நாங்கள்தான்.

அம்மா வேலைபார்த்த கம்பெனியின் முதலாளிதான் மண்டபத்தின் திருப்பணிக்குத் தலைவர். பக்தர், தாராளமானவர், இரண்டும் உண்மை. அந்த வருசக் குருபூசைக்கு, கம்பெனியில் வேலைபார்க்கிற அத்தனை பெண்களுக்கும் சாமி படம் போட்ட காவிநிறச் சேலை கொடுத்தார். மூன்று வாரம் கவிச்சி தொடாமல், ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, பூசையன்று எல்லோரும் அதே சேலையில் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு. நைலக்ஸ் சேலை. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுக்கும், அலசிப் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும். எங்கள் தெருவே பூரித்துப்போனது.

பட்டாசுக் கம்பெனியில் பெண்களுக்கு இருக்கிற சட்டங்களில் முதல் சட்டம், நூல் சேலை கட்டித்தான் வேலைக்கு வர வேண்டும் என்பது. நைலக்ஸ் கட்டி வந்தால் வாசலிலேயே போர்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். எதற்காக என்று யாரும் எங்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை. தீப்பிடித்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாதோ, தெரிந்தும் எங்களுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ. குருபூசை நாளில் அரைநாள் வேலை இருந்தது. ஏதோ திருவிழா ஆர்டர், லோடு மத்தியானமே போயாக வேண்டும். வேலை முடிந்ததும் அதே வேனில் மண்டபத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். அப்படியானால் காலையிலேயே சாமி சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாமா என்று கேள்வி வந்தது. சாமி சேலையை அவிழ்க்கச் சொல்கிற பாவம் தனக்கு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாகப் பேச்சு வந்தது. போர்மேனும் அன்றைக்குக் காவி வேட்டியில்தான் வருவதாக இருந்தார். சட்டத்துக்கு ஒருநாள் லீவு.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம், "நான் நூல் சேலையிலயே போறேன். இதைப் பையில வச்சுக் கொண்டுபோயி, மண்டபத்துல மாத்திக்கிறேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தைகள் எல்லோரும் காலையில் காவி கட்டி வரிசையாக வேன் ஏறும்போது, என் அம்மா மட்டும் சாயம்போன பழைய சேலையில் நிற்பாளா? அவளுக்கு முன்னால் போய் நின்று, சேலையைக் கையில் இழுத்து, எழுந்து நின்ற மயிரைக் காட்டினேன்.

"பாரும்மா, சாமி வாறாரு பாரு. சாமி சேலைம்மா, ஒண்ணும் செய்யாது."

அம்மா என் கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அவளுக்கும் புல்லரித்ததோ என்னவோ, தடவிக்கொடுத்தாள். பிறகு, "அவருக்கே பயமா இருந்துச்சுட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்கு வேலைக்குக் கட்டுகிற நூல் சேலை இரண்டுதான். ஒன்று மருந்துப்பொடி படிந்து துவைக்கக் கிடந்தது, விரத நாளில் அதைக் கட்ட மாட்டாள். இன்னொன்று கொடியில் மடித்துத் தொங்கியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்து, குடத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றி, அமுக்கி நனைத்துவிட்டேன். நனைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். வேன் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். "கழுத, நெனச்சதைச் சாதிச்சுப்புட்ட" என்று தலையில் ஒரு தட்டு. காவிச் சேலையைக் கட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவளுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் முந்தானை சடசடத்தது. நான் வாசலில் நின்று கையாட்டினேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரிகிற பாடம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் முதலில் சன்னலுக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். அன்றைக்கும் ஓடினோம். புகை எங்கள் கம்பெனித் திசையில் எழுந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். நான் அழவில்லை. அம்மா சாமி சேலை கட்டியிருக்கிறாள் என்று தெம்பாக நின்றேன். அந்தத் தெம்பை இன்றுவரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவின் அறையில் மட்டும்தான் பிடித்தது. கூட இருந்த இருவர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், விசாரணைக்கு ஒரு அதிகாரி காகிதத்தோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டார். நானும் அப்பாவும் திரைக்கு இந்தப்பக்கம் நின்றோம்.

"நைலக்ஸ் சேலை கட்டக் கூடாதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்யா."

"யாரு கட்டச் சொன்னா?"

திரைக்குக் கீழே தெரிந்த என் பாவாடையை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"நானாத்தேன் கட்டுனேன். யாரும் சொல்லல" என்றாள்.

அவள் கடைசியாகப் பேசி நான் கேட்டது அதுதான். எனக்காகச் சொன்ன வார்த்தை முதலாளிக்குத்தான் உதவியது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள், அவளே சொல்லிவிட்டாளே. சேலை கொடுத்ததையும், வாசலில் யாரும் தடுக்காததையும் எழுத அந்தக் காகிதத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது. அப்பாவுக்குக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். வேலைக்கு வருகிற பெண்களின் பையில் தீப்பெட்டி இருக்கிறதா, உடம்பில் நைலக்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் அதைப் பதினைந்து வருசம் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசுவார், சாப்பிடுவார், அம்மாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

ஊர் பேசியது. எல்லோரும்தானே அதே சேலையைக் கட்டியிருந்தார்கள், அவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அவர்களே ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள், விரதத்தில் ஏதோ குறை என்று. கருவாடு வாசம் வந்ததாக ஒருத்தி சொன்னாள். தீட்டோடு கட்டியிருப்பாள் என்று இன்னொருத்தி சொன்னாள். சொன்னவர்கள் எல்லோரும் அவள்கூடவே மூன்று வாரம் பட்டினி கிடந்தவர்கள், அவள் எப்படி இருந்தாள் என்று பார்த்தவர்கள். அவர்களையும் முழுசாகக் குறைசொல்ல முடியவில்லை. மறுநாள் அதே வேனில் ஏறி, அதே மருந்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டியவர்கள். அம்மாமேல் ஒரு தப்பு இருந்தால்தான் அவர்களால் நிம்மதியாக உட்கார முடியும்.

எட்டாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்து, கிழித்துப்போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேல் பிடித்தார். துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொண்டன, வகுப்பே கைதட்டியது. நைலக்ஸ் துணியிலும் இப்படித்தான், காய்ந்த வெயில் நாளில் உரசினால் சடசடக்கும், மயிர் எழுந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாத பொறிகூடப் பறக்கும், பட்டாசு மருந்துக்கு அது போதும் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பினார். நான் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் நான் செய்த தப்பு ஒரு சேலையை நனைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். அவளைக் கொன்றதையே கையில் எடுத்து, சாமி வருகிறார் என்று அவளுக்கே காட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு காரணமாகவும் இருந்திருக்கலாம், மருந்துக்கு வெயில் சூடே போதும் என்று பின்னாளில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். அந்த ஆறுதல் எனக்கு ஒருநாள்கூட உதவியதில்லை.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். அப்பாவும் போய்விட்டார். இந்த வருசக் குருபூசைக்கு, பல வருசம் கழித்து, ஊருக்குப் போனேன். கூரை இடிந்த கல்மண்டபம் இருந்த இடம் தெரியவில்லை. மேலே பெரிய கான்கிரீட் மண்டபம், வாசலில் வளைவு, சுற்றிலும் கிரானைட். நெருப்பைத் தொடாதவர் புதைந்திருக்கிற இடத்தைச் சுற்றி ஆயிரத்தெட்டு விளக்கு வைக்கிறார்கள், பூசை முடிவில் கண்மாய்க்குள் வாணவேடிக்கை. பழஞ்சோறு கொடுத்த வீடுகள் எங்கே என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை. தீப்பெட்டிபோல இருந்த அந்தப் புத்தகமும் இல்லை. பளபளவென்று வண்ணப் படங்களோடு புதிதாக ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தேன். நெருப்பு தெய்வமா என்ற கேள்வியையே காணோம். "பயமா இருக்கு தாயி" எந்தக் காலத்திலும் புத்தகத்தில் இருந்ததில்லை, அது அம்மாவோடு போனது. நான் முதலில் சொன்ன அந்தப் பத்தி மட்டும், விரதம் தவறிய பெண், இருந்தது.

காலைப் பூசைக்குப் பெண்கள் அம்மா வேலைபார்த்த கம்பெனியின் வேனில் வந்து இறங்கினார்கள். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். அதே காவி, அதே மினுமினுப்பு, முந்தானையில் அதே படம். இருபது வயதுகூட இருக்காது, ஒரு பெண் திருநீறு பூசிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இதைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போகாத தாயி. வீட்டுல போயி நூல் சேலை மாத்திக்கோ."

"சாமி சேலைக்கா, ஒண்ணும் செய்யாது" என்றாள்.

இத்தனை வருசம் யாரிடமும், அப்பாவிடம்கூடச் சொல்லாததைப் பெயர் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"எங்கம்மா இதே கம்பெனியில, இதே மாதிரிச் சேலையிலதான் செத்துப்போச்சு."

அவள் முகம் மாறியது. உண்மையாகவே இரக்கப்பட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புஸ்தகத்துல வாறாகளே, விரதம் தப்புனவக, அவகளாக்கா உங்கம்மா?"

"தப்பல. நூல் சேலையத்தான் எடுத்து வச்சிருந்துச்சு. நாந்தேன் அதைத் தண்ணியில போட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். வேன் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, விலகிக் கிடந்த முந்தானையை மடியில் இழுத்துப் போட்டாள். வேனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற எனக்கே அந்தச் சடசடப்பு கேட்டது. அவள் தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.